ராஜகனியக்காவிடம் சொல்லாதது

வேர்க்கிறது, இன்னும் வேர்க்கிறது என்று ஜெசிந்தா இடது முன்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். தடவிய விரலை நாக்கில் வைத்தாள், கரித்தது. கரிக்கிற வரைக்கும் பயமில்லை என்பது அவளே தனக்குக் கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம், எந்த டாக்டரும் சொன்னதில்லை. முள்ளக்காடு தாண்டியாகிவிட்டது. திருச்செந்தூர் ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம் விரிந்து கிடந்தது, பாத்தி பாத்தியாகத் தேங்கிய தண்ணீர் இன்னும் விடியாத வானத்தின் சாம்பல் நிறத்திலேயே இருந்தது, வரப்போரம் குவித்து ஓலை மூடிய உப்பு அம்பாரங்கள் யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தன. இடது பக்கம், கடல் இருக்கிற திசையில், ஒரே ஒரு கோடு மட்டும் சிவந்திருந்தது. அந்தக் கோட்டைப் பார்க்காமல் ஓடினாள். சூரியன் வரத்தான் போகிறது, தினமும்தான் வருகிறது, ஆனால் போன வருஷம் வெயிலில் மயங்கி விழுந்ததற்கப்புறம் சூரியன் வருவதற்குள் வீடு திரும்பிவிடுகிற தூரம்தான் அவள் ஓடியிருக்கிறாள், பூங்காவைச் சுற்றி, மரமுள்ள தெருக்களாகப் பார்த்து, இருட்டில் கிளம்பி இருட்டிலேயே வந்து கேட்டைத் திறக்கிற மாதிரி. இன்றைக்கு அப்படி முடியாது. இன்றைக்கு ஆற்றுப்பாலம் வரைக்கும். முக்காணியில் தாமிரபரணியைக் கடக்கிற அந்தப் பாலத்தில் கணவர் இன்னாசி ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். பாலத்துக்கும் அவளுக்கும் நடுவில் வெயில் இருந்தது. வெயிலுக்குள் ஓடிப் பார்க்காமல் உடம்பு தனக்குத் திரும்பி வந்துவிட்டதா இல்லையா என்று தெரியாது, வெயிலுக்குள் ஓடிப் பார்த்தால், என்று அந்த யோசனை அங்கேயே வந்து நின்றது, நேற்றிலிருந்து அது அங்கேதான் வந்து வந்து நிற்கிறது, தெருமுனையில் வந்து திரும்பத் தெரியாமல் நிற்கிற லாரி மாதிரி.

“தோளைத் தூக்காத ஜெசி. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்ச மாதிரியே வாரியே,” என்றாள் ராஜகனி, திரும்பிப் பார்க்காமலே. அரை அடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ராஜகனி யாரோடு ஓடினாலும் அரை அடி முன்னால்தான் ஓடுவாள். நீ வேகத்தைக் கூட்டி அவள் தோளுக்குச் சரியாக வந்தால் அவளும் கூட்டிக்கொள்வாள், நீ குறைத்தால் குறைத்துக்கொள்வாள், ஆனால் அந்த அரை அடி அப்படியே இருக்கும், அவளுக்கே தெரியாது என்று ஓட்டக் குழுவில் சிலர் சொல்வார்கள், நன்றாகத் தெரியும் என்று ஜெசிந்தா நினைப்பாள். தூத்துக்குடியில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி வைத்திருக்கிறாள் ராஜகனி. காலமெல்லாம் அடுத்தவள் ஓட்டுகிற காரில் பக்கத்து சீட்டில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், அவளுக்கு உலகமே கிளட்சை எப்போது விடவேண்டும் என்று தெரியாத பெண்களால் ஆனது. ஏற்றம் வந்தால் செகண்டுக்கு மாத்து என்பாள், மூச்சு வாங்கினால் இன்ஜின் சூடாவுது என்பாள். ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் மற்றவர்கள் எல்லாம் இளவட்டங்கள், கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே முதுகில் மாட்டிய சிவப்பு விளக்குப் புள்ளிகளாகிக் காணாமல் போயிருந்தார்கள். மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர். யாரோடு ஓட வேண்டாம் என்று ஜெசிந்தா வேண்டிக்கொண்டு வந்தாளோ அவளோடுதான் ஓட வேண்டியிருந்தது, நல்லவர் கையில் அகப்பட்டாலும் அகப்பட்டதுதானே என்று நினைத்துக்கொண்டாள், நினைத்ததும் வெட்கமாக இருந்தது, உயிரைத் திருப்பிக் கொடுத்தவளைப் பற்றி இப்படியா நினைப்பார்கள். ஆனால் பிடிக்காதது பிடிக்காததுதான். முதன்முதலாக இந்தக் குழுவுக்கு வந்த அன்றைக்கு, மகள் ரெஜினா நர்சிங் படிக்கப் போய் வீடு திடீரென்று பெரிசாகிவிட்ட அந்த வருஷம், பூங்காவில் நடந்துகொண்டிருந்தவள் மழைக்குப் பயந்து ஓடி, மழை நின்ற பிறகும் நிற்க மனமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்த அந்த ஒரு சாயங்காலத்தின் தைரியத்தில் வந்து நின்றாளே, அன்றைக்கு ராஜகனி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடம்பு குறையணும்னா நடந்தாலே போதுமே, எதுக்கு முழங்காலைக் கெடுத்துக்கிடுதீங்க என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. கெட்ட எண்ணத்தில் கேட்டிருந்தால் மறந்திருக்கலாம்.

கோடு அகலமாகிவிட்டது. பார்க்காமலே தெரிந்தது, ஏனென்றால் உப்பளத்துத் தண்ணீரில் ஒவ்வொரு பாத்தியாக நிறம் மாறிக்கொண்டு வந்தது, முதலில் தூரத்துப் பாத்திகள், பிறகு நடுவில் உள்ளவை, யாரோ வரப்பு வழியாக ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு ரோட்டை நோக்கி வருவது போல. அழகாகத்தான் இருந்தது. இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று தோன்றியது, கொடுத்து வைத்திருக்கிறாய், இல்லாவிட்டால் போன வருஷமே மண்ணுக்குள் போயிருப்பாய். இப்படித்தான் ஆகிவிடுகிறது இப்போதெல்லாம், எதைப் பார்த்தாலும் கடைசியில் அதில்தான் போய் முட்டுகிறது, ரெஜினா போனில் சிரித்தால், இன்னாசி சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினால், ஆபீஸில் கன்டெய்னர் கிளியரன்சுக்கு மாரடித்துவிட்டு ஜன்னலோரம் டீ குடித்தால், இதெல்லாம் கிடைக்காமல் போயிருக்கும், இதெல்லாம் ஒருத்தி கொடுத்தது. கொடுத்தவள் அரை அடி முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன வார்த்தை அது. நன்றி என்பது கூட்டத்தில் கடைசியாக மைக்கைப் பிடிக்கிறவர் சொல்வது. தேங்க்ஸ் என்பது சில்லறை கொடுத்த கண்டக்டருக்கு. அவள் பிறந்த வீட்டில் யாரும் யாருக்கும் அப்படி எதுவும் சொன்னதில்லை, அம்மா மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து அப்பா தட்டில் வைப்பாள், அதுதான், அதற்கு மேல் வார்த்தை கிடையாது. ராஜகனிக்கு எந்தத் துண்டை எடுத்து வைப்பது. அவள் சைவம்.

அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. கன்னியாகுமரிப் பக்கம் நடந்த மாரத்தான், இரண்டு பேருக்கும் அதுதான் முதல் முழு ஓட்டம். ராஜகனிக்கு அந்த மாதம்தான் ஐம்பது முடிந்திருந்தது, ஐம்பது வயசு, ஐந்து மணி நேரம் என்று ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், கார் படிக்க வருகிற பெண்களுக்குக்கூட அது தெரியும். ஜெசிந்தாவுக்கு அப்படி எதுவும் இல்லை, முடித்தால் போதும். ஆனால் ஓட ஆரம்பித்ததும் ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது, ராஜகனிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று, நடந்தாலே போதுமே என்று சொன்னவளுக்கு முன்னால், அதற்காகத் தண்ணீர் வைத்திருந்த மேஜைகளில் கூட்டமாக இருந்தால் நிற்காமல் தாண்டிப் போனாள், யாரையும் குறை சொல்வதற்கில்லை, தண்ணீர் இருந்தது, அவள்தான் குடிக்கவில்லை. வாழைத்தோட்டங்கள் வந்தன. வெயில் ஏறியது. பிறகு ஒரு கட்டத்தில் வெயில் நின்றுவிட்டது.  வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவளுக்கு மட்டும் நின்றுவிட்டது, குளிர ஆரம்பித்தது, கையெல்லாம் மயிர் குத்திட்டு நின்றது, மார்கழி மாதம் அதிகாலைப் பூசைக்குப் போகிற மாதிரி, அடடா எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நினைத்தாள். தூரத்தில் ராஜகனியின் ஆரஞ்சு பனியன் சிறுத்துக்கொண்டே போனது. அதுதான் கடைசியாகப் பார்த்தது. அப்புறம் வாழைத்தோட்டத்துச் சுவர் ஒன்று படுத்துக்கொண்டது, அல்லது அவள் படுத்துக்கொண்டாள். அப்புறம் மீன் வாடை. சாளை மீன், ஐஸில் கிடந்த சாளை, கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, அப்பா கரைக்கு வந்துவிட்டார், எழுந்து கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போகவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், எழுந்திருக்கணும், எழுந்திருக்க முடியவில்லையே என்று அவள் அழுதாளாம். அழுததை ராஜகனி சொல்லித்தான் தெரியும். அந்த வழியாக பைக்கில் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு மீன் விற்கப் போனவரை ராஜகனி நடுரோட்டில் கையை விரித்து மறித்திருக்கிறாள், பெட்டியைக் கவிழ்த்து ஐஸை எல்லாம் அள்ளி இவள் கக்கத்திலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் திணித்திருக்கிறாள், சாளையும் ஐஸும் கலந்து கிடந்ததாம், மீன்காரர் ஒன்றும் சொல்லாமல் தன் தலைத்துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்தாராம். அவர் பேர்கூடத் தெரியாது. அந்த வேளையில் அந்த ரோட்டில் அவர் ஏன் வந்தார், அன்றைக்கு மீன்பாடு இல்லையென்று வீட்டில் படுத்திருந்தால், ஐஸ் உருகிப்போயிருந்தால், ராஜகனி மீன் வாடைக்கு முகத்தைச் சுளிக்கிறவளாக இருந்திருந்தால். எத்தனை பேர் கை சேர்ந்து ஒரு உயிர். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், வண்டி வருகிற வரைக்கும் சும்மா விசிறிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், அதற்கப்புறம் எதுவும் மிஞ்சியிருக்காது, ஐஸ்தான் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுக்கையில் கிடந்த நாட்களில் இன்னாசி ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், உயரத்தில் தனியாகவே உட்கார்ந்து பழகிப்போனதாலோ என்னவோ பேச்சு குறைவு. ஷூவைக் காணோம். தூக்கிப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள், போட்டால் போட்டதுதான், கேட்கிற முகம் அவளுக்கு இல்லை. மழைக்காலம் முடிந்து ஒரு நாள், சும்மா கீழே இறங்கி நடக்கலாமா என்று பார்க்கிறேன் என்று சொன்னபோது அவர் ஸ்டூலைப் போட்டு பரண் மேலிருந்து ஷூவை எடுத்துக் கொடுத்தார். துவைத்திருந்தது. உள்ளே செய்தித்தாள் திணித்திருந்தது. அதை உருவிப் போட்டபோது பார்த்தாள், அந்த வாரத்துத் தாள். இத்தனை மாதமும் ஈரம் ஏறாமல் இருக்க மாற்றி மாற்றித் திணித்துக்கொண்டிருந்திருக்கிறார், இவள் கேட்பாளா மாட்டாளா என்று தெரியாமலேயே. அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவர்களுக்குள் பேச்சு. ஆனால் மாதா கோயிலில் நன்றிப் பூசை வைத்தார்கள், ஜெசிந்தாவுக்குக் கிடைத்த உயிர்ப்பிச்சைக்காக என்று சாமியார் பீடத்திலிருந்து வாசித்தார், சொந்தக்காரர் எல்லாரும் வந்தார்கள், மதியம் பிரியாணி. ராஜகனியைக் கூப்பிடவில்லை. சைவம் என்பதால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது காரணமில்லை. அப்போதே ராஜகனி அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்திருந்தாள், ஓடி முடித்து எல்லாரும் டீ குடிக்கிற கடையில் ஞாயிறு தவறாமல், புதிதாக யார் வந்தாலும், பச்சைப்பிள்ளையைத் தூக்குற மாதிரித் தூக்குனேன், நல்ல கனம்வே என்று. சொல்லச் சொல்ல ஜெசிந்தாவின் கனம் கூடிக்கொண்டே போனது. விழுந்த நாள் வரைக்கும் நீங்க, வாங்க என்றவள் ஆஸ்பத்திரியில் வைத்தே நீ, வா என்று மாறிவிட்டாள், ஒருத்தியின் அக்குளில் ஐஸ் வைத்த பிறகு எப்படி நீங்க என்பது. எல்லாம் சரிதான். ஆனால் எத்தனையோ தடவை அந்தக் கதையைக் கேட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று உறைத்தது, ராஜகனி அதில் ஒன்றை மட்டும் சொல்வதே இல்லை. தான் அந்த ஓட்டத்தை முடிக்கவில்லை என்பதை. ஐம்பது வயசு, ஐந்து மணி நேரம் என்று சொல்லித் திரிந்தவள், ஆரஞ்சுப் புள்ளியாக முன்னால் போய்க்கொண்டிருந்தவள், திரும்பி வந்தாள். அதைச் சொல்வதே இல்லை. அன்றைக்கு டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

சூரியன் முழுசாக வந்துவிட்டது. பழையகாயல் கடைகளில் வாசல் தெளித்திருந்தார்கள், ஒரு பரோட்டாக் கடைக்காரர் கல்லைத் துடைத்துக்கொண்டே இரண்டு பெண்கள் ஓடுவதைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் திரும்பவும் துடைத்தார். ஊர் தாண்டியதும் நிழலே இல்லை. இடது கன்னம் சுட்டது, இடது தோள் சுட்டது. ஜெசிந்தா கையிலிருந்த பாட்டிலைத் திறந்து குடித்தாள், ராஜகனி திரும்பிப் பார்த்து அவள் குடித்ததை உறுதி செய்துகொண்டாள், கண்ணாடியில் பின்வண்டியைப் பார்ப்பது போல ஒரு பார்வை. தொடை கனத்தது. வலது பாதத்தில் பெருவிரல் நகம் ஷூவில் இடித்தது, அது நல்ல வலி, சாதாரண வலி, இப்படிப்பட்ட வலிகளை அவள் இப்போது எண்ணிப் பார்த்துக்கொள்ளக் கற்றிருந்தாள், இடுப்பில் ஒன்று, முட்டியின் ஓரத்தில் ஒன்று, இருக்கிறவளுக்குத்தானே வலிக்கும். வேர்க்கிறதா, வேர்க்கிறது. கரிக்கிறதா, கரிக்கிறது. தலை சுற்றவில்லை. ரெஜினாவின் கல்லூரிப் பேர் ஞாபகமிருக்கிறது. இன்னாசியின் பிறந்தநாள் ஞாபகமிருக்கிறது. இன்னும் கொஞ்சம்தான், பாலம் வந்துவிடும், பாலம் வந்துவிட்டால், என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கையில் மயிர் குத்திட்டு நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. முன்கையில் ஆரம்பித்து, முழங்கை வரைக்கும், பிறகு கழுத்தில். குளிர்ந்தது. வெயிலில், நடு ரோட்டில், சுகமாகக் குளிர்ந்தது. இயேசுவே என்றாள், சத்தம் வரவில்லை. கால்கள் தாமாக நின்றுவிட்டன. ஆரஞ்சுப் புள்ளி, வாழைச்சுவர், சாளை வாடை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நெஞ்சில் உட்கார்ந்தன, முன்னால் ராஜகனி போய்க்கொண்டே இருந்தாள், கூப்பிட வேண்டும், வாய் வரவில்லை, ரெஜினாவுக்கு போன் பண்ணியிருக்கலாம் காலையில், தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டோமே என்று நினைத்தாள்.

ராஜகனி நின்றாள். திரும்பினாள். ஓடி வரவில்லை, விறுவிறுவென்று நடந்து வந்தாள், வரும்போதே இவள் முகத்தைப் படித்துக்கொண்டு வந்தாள். ஜெசிந்தா கையை நீட்டிக் காட்டினாள். ராஜகனி அவள் பிடரியில் உள்ளங்கையை வைத்தாள், கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. உன் பேரென்ன என்று கேட்டாள். சொன்னாள். மகள் பேர் கேட்டாள். நாம் எங்கே நிற்கிறோம் என்று கேட்டாள். பழையகாயல் தாண்டி, பாலத்துக்கு இந்தப் பக்கம் என்று ஜெசிந்தா சொன்னாள், வார்த்தைகள் சரியாக வரிசையில் வந்தன.

“நல்லா வேர்க்குது உனக்கு,” என்றாள் ராஜகனி. “இது காத்து. ஆத்துக் காத்து அடிக்குது, வேர்வையில பட்டுச் சிலுக்குது. இங்க பாரு.” தன் கையை இவள் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவள் கையிலும் மயிர் குத்திட்டு நின்றது.

இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று மாநிறம், ஒரே மாதிரிச் சிலிர்த்து. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற ஜெசிந்தாவுக்கு நெஞ்சிலிருந்தது மெதுவாக இறங்கியது, இறங்கிப் போன இடத்தில் வேறு எதுவோ மேலே வந்தது, அதைப் பிடித்து நிறுத்துகிற சக்தி அவளிடம் இல்லை, வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிற தெம்பும் இல்லை.

“அன்னைக்கு நீங்க திரும்பி வரலைன்னா நான் இல்லக்கா,” என்றாள். “உங்க ஓட்டத்தைக் கெடுத்துட்டேன். ஒரு வார்த்தைகூட உங்ககிட்டச் சொல்லல. பூசை வச்சேன், உங்களைக் கூப்பிடல.”

ஒரு டிராக்டர் கடந்து போனது. ராஜகனி கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

“நான் முடிச்சிருப்பேன்னா நெனச்ச?” என்றாள். “எனக்கு அன்னைக்கு ரெண்டு தொடையும் சதை கட்டிக்கிட்டுது. உனக்குப் பின்னாடி நடந்துல்லா வந்துக்கிட்டிருந்தேன். அஞ்சு மணி நேரம், அஞ்சு மணி நேரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு எந்த மூஞ்சியோட திரும்பப் போறதுன்னு தெரியாம வந்துக்கிட்டிருந்தேன். நீ விழுந்து என் மானத்தைக் காப்பாத்துன. இல்லைன்னா டீக்கடையில எனக்குச் சொல்ல என்ன கதை இருக்கு?” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “அதான் சொல்லிக்கிட்டே திரியுதேன். கணக்குப் பாத்தா நான்தான் உனக்குச் சொல்லணும்.”

இல்லை, என்று ஜெசிந்தாவுக்குள் ஏதோ சொன்னது. நீங்கள் பின்னால் இல்லை, முன்னால் இருந்தீர்கள். ஆரஞ்சு பனியன் முன்னால் போனது, சிறுத்துக்கொண்டே போனது, நான் பார்த்தேன். ஆனால் சுவர் படுத்துக்கொண்டதையும்தான் பார்த்தாள், அப்பா கரைக்கு வந்ததையும்தான் பார்த்தாள், அப்பா செத்து எத்தனையோ வருஷமாகிறது. வேறு யாரோ ஆரஞ்சு பனியன் போட்டிருந்திருக்கலாம். ராஜகனி தொடை கட்டிக்கொண்டு பின்னால் நடந்து வந்திருக்கலாம், அவமானத்தோடு, அதைத் துடைக்கத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். அல்லது முன்னால்தான் போய்க்கொண்டிருந்தாள், நல்ல வேகத்தில், ஐம்பது வயதில் ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்கப்போகிற வேகத்தில், யாரோ கத்தியது கேட்டுத் திரும்பி ஓடி வந்தாள், இப்போது இந்த ரோட்டில் நின்றுகொண்டு அதையும் எடுத்துத் தூரப் போடுகிறாள், இவள் தோளில் எந்தக் கனமும் இருக்கவேண்டாமென்று. ஜெசிந்தா அவள் முகத்தைப் பார்த்தாள். உப்புப் பூத்து வரிவரியாக இருந்தது, கண் சிவந்திருந்தது, அதில் எதையும் படிக்க முடியவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவேண்டாம் என்று தோன்றியது. எது நடந்திருந்தாலும் கொடுத்ததுதான், அவள் இப்போது சொன்னது உண்மையென்றால் ஒரு தடவை கொடுத்தது, பொய்யென்றால் இரண்டு தடவை. வாங்கிக்கொள்ளத் தெரியவேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்காமல், எனக்கு எதற்கு என்று பிகு பண்ணாமல், இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ளத் தெரியவேண்டும், நாற்பத்து நாலு வயது வரைக்கும் அது தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இந்தப் பெண்ணை எனக்கு இன்னமும் முழுசாகப் பிடிக்கவில்லை, அதனால் என்ன, என்று நினைத்தாள், நினைத்ததும் எதனாலோ அவளை ரொம்பப் பிடித்தது.

“சரிக்கா,” என்றாள். “அப்போ சொல்லுங்க.”

“என்ன சொல்ல?”

“நீங்கதான் எனக்குச் சொல்லணும்னீங்களே.”

ராஜகனி இவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், ஈரத்தில் பளாரென்று கேட்டது, போவோம் என்றாள், போனார்கள்.

அதற்கப்புறம் ஓட்டம் சுலபமாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. வெயில் வெயிலாகத்தான் இருந்தது. கடைசித் தூரத்தில் ஜெசிந்தா இரண்டு இடத்தில் நடந்தாள், ராஜகனியும் நடந்தாள், யாரும் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. பயமும் போய்விடவில்லை, கூடவே வந்தது, ஆனால் முன்னால் நின்று மறிக்காமல் பக்கத்தில் வந்தது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற பேசாத ஆள் மாதிரி. பாலத்தின் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து இன்னாசி நின்றுகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் கையசைக்கவில்லை, சட்டென்று குனிந்து ஸ்கூட்டரின் பெட்டியில் எதையோ தேட ஆரம்பித்தார், பக்கத்தில் வந்து நிற்கிற வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது மூக்கு சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை ராஜகனியிடம் முதலில் நீட்டினார்.

பாலத்துக்குக் கீழே ஆற்றில் பச்சைச் சேலை கட்டின பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். சாத்தூர் பக்கத்திலிருந்து திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள், நாலு நாளாக நடக்கிறார்களாம், கரையில் பாத்திரங்களையும் முருகன் படத்தையும் வைத்துவிட்டுச் சேலையோடு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தாவும் ராஜகனியும் ஷூவைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு இறங்கினார்கள். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. தண்ணீர் முட்டுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, அடியில் மணல் பாதத்துக்குக் கீழிருந்து நழுவியது. ராஜகனி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பச்சைச் சேலைக்காரிகளில் வயசானவள் ஒருத்தி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கேயிருந்து நடந்து வாரீங்க என்று கேட்டாள். தூத்துக்குடியிலிருந்து ஓடி வந்தோம் என்று ஜெசிந்தா சொன்னாள். ஓடியா என்று கேட்டுவிட்டு, அவள் தனக்குப் புரிந்த விதத்தில் அதைப் புரிந்துகொண்டாள்.

“என்ன நேர்த்திக்கடன்?”

ராஜகனி கண்ணைத் திறந்தாள். வாயையும் திறந்தாள், கதை நாக்கு நுனியில்தான் இருந்தது, ஜெசிந்தாவுக்கு அது தெரிந்தது. ஆனால் ராஜகனி சொல்லவில்லை. இவளைப் பார்த்தாள், நீயே சொல் என்பது போல.

“பொழச்சுக் கிடக்கேன்,” என்றாள் ஜெசிந்தா. “அதுக்குத்தான்.”

அந்த அம்மாள் தலையை ஆட்டினாள், தினமும் கேட்கிற பதில்தான் என்பது போல. இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நல்லா முங்கிக்கிடுங்க, இங்க ஆழமில்ல என்றாள்.

ஜெசிந்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். வெளிச்சம் பச்சையாகக் கலங்கியது, பாலத்து மேலே போகிற வண்டிச் சத்தம் நின்றது, காது அடைத்துக்கொண்டது. தன் நெஞ்சு அடிப்பது கேட்டது, பெரிதாக, நிதானமாக. மூச்சு முட்டுகிற வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.